அலுமாரியில் பிடித்த பூஞ்சணம்

2023ஆம் ஆண்டு ஜூலையில் பத்து நாள் விடாது பெய்த மழை ஓய்ந்து, ஒரு காலையில் வெயில் முகம் காட்டியது. இந்த மலைநாட்டுப் பக்கத்தில் அப்படி ஒரு வெயில் வந்தால் எல்லா வீட்டுப் பெண்களும் ஒரே வேலையைத்தான் செய்வார்கள். நானும் அலுமாரியைத் திறந்தேன். துணிக்கு முன்னால் வாடைதான் வெளியே வந்தது.

மேல் தட்டிலிருந்த பட்டுச் சேலையின் மடிப்பில் சாம்பல் தூவியதுபோல் பூஞ்சணம். அதற்குக் கீழே இருந்ததிலும், அதற்கும் கீழே இருந்ததிலும் அப்படியே. ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போட்டேன். கொடி நிறைந்தது. வேலியில் போட்டேன். அதுவும் போதாமல் பக்கத்து வீட்டு வேலியைக் கேட்டு வாங்கினேன். எண்ணிப் பார்த்தால் 47 சேலைகள். அவற்றில் 19இல் பூஞ்சணம். அந்தப் பத்தொன்பதில் இரண்டு தடவைக்கு மேல் உடுத்தியவை நான்கோ ஐந்தோதான் இருக்கும். கட்டிலுக்கு அடியில் பெட்டியோடு வைத்திருந்த ஒரு சோடிச் செருப்பை எடுத்தபோது அதன் அடிப்பாகம் கையிலேயே உதிர்ந்தது. ஒரு நாள்கூட அதைப் போட்டுக்கொண்டு வெளியே போனதில்லை.

அன்று அம்மா வந்திருந்தார். எங்கள் வீட்டிலிருந்து மூன்று கிலோமீற்றர் கீழே, தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீட்டில்தான் அவர் இன்னும் இருக்கிறார். 38 வருடம் கொழுந்து எடுத்தவர். வேலி முழுவதும் தொங்கிய சேலைகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். "என்னிடம் நான்கு சேலைதான் இருந்தது பிள்ளை. பூஞ்சணம் பிடிக்க அவற்றுக்கு நேரமே கிடைத்ததில்லை" என்றார். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் தலவாக்கலைப் பகுதியில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் ஆசிரியை. கணவர் மின்சார வேலை செய்பவர். ஒரு மகன், ஒரு மகள். லயத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஆறு பேரோடு வளர்ந்த எனக்கு, சம்பளம் கைக்கு வரத் தொடங்கியதும் வீட்டை நிரப்ப வேண்டும் என்ற வெறி இருந்தது. வெறி என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். பெரிய குளிர்சாதனப்பெட்டி, சுவர் அளவுக்குத் தொலைக்காட்சி, சோபா, குளியலறையில் சுடுநீர்க் கருவி. எல்லாம் தவணையில். இல்லாமையை அறிந்தவர்களுக்குப் பொருள் என்பது வெறும் பொருள் அல்ல. 'நாங்களும் மேலே வந்துவிட்டோம்' என்பதற்கு அது சாட்சி. அதை நான் இன்றைக்கும் இழிவாக எண்ணவில்லை. ஆனால் சாட்சி ஒன்று போதும். எனக்கு நாற்பத்தேழு இருந்தன.

2022இன் பொருளாதார நெருக்கடியை இலங்கையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. எரிவாயு சிலிண்டருக்கு வரிசை, எரிபொருளுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டி நின்றது. அந்த வருடம் நாங்களும் எல்லாவற்றையும் குறைத்தோம். ஆனால் அது நாங்களாகக் குறைத்தது அல்ல, பறிக்கப்பட்டது. பறிக்கப்பட்டதற்கும் விட்டுக்கொடுத்ததற்கும் உள்ள வேறுபாட்டை உடம்பே அறியும். மறுவருடம் கடைகளில் சாமான் திரும்பியதும், பசித்தவன் பந்தியில் உட்கார்ந்ததுபோல் மறுபடியும் வாங்கத் தொடங்கினோம். அந்த நேரத்தில்தான் அலுமாரி வாடையடித்தது.

முதலில் நான் செய்தது ஒரு தப்பான காரியம். "இனிமேல் அந்தக் காலத்து வாழ்க்கைதான் அம்மா. ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணீரும் போதும். எவ்வளவு நிம்மதியாக இருந்தீர்கள் நீங்கள்!" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "அந்தக் காலத்தை அழகாகப் பேசாதே. நாங்கள் ஆசைப்பட்டா ரொட்டி சாப்பிட்டோம்? உன் தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு போத்தல் பால் வாங்க வழியில்லாமல் இருந்தேன். அது நிம்மதி இல்லை" என்றார்.

அந்த மாதக் கடைசியில்தான், எங்கள் முன்னோர் தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்து இருநூறு வருடம் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு 'மலையகம் 200' நடைபயணம் புறப்பட்டது. கடல் கடந்து வந்து, காட்டு வழியே நடந்து, எத்தனையோ பேர் வழியிலேயே விழுந்து, மிஞ்சியவர்கள் இந்த மலைகளைப் பச்சையாக்கிய கதையை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இருநூறு வருடம் குறைவில் வைக்கப்பட்ட ஒரு சமூகத்திடம் போய்க் 'குறைத்து வாழுங்கள்' என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. போதுமானது கிடைத்த பிறகும் கை நீட்டிக்கொண்டே இருப்பவர்களுக்குத்தான் அந்தப் பேச்சு. இந்தக் கட்டுரையை நான் எழுதுவதும் என்னைப்போல் மாதச் சம்பளம் வாங்கி, தவணை கட்டி, அலுமாரி பூட்ட முடியாமல் இருப்பவர்களுக்குத்தான். நாட்கூலிக்குக் கொழுந்து எடுக்கும் சகோதரிக்கு இல்லை.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், கணக்கிலிருந்து தொடங்கினேன். சோபாவுக்கு வட்டியோடு சேர்த்து நாங்கள் கட்டி முடித்தது 1,86,000 ரூபா. அந்தத் தவணைக்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் டியூஷன் வகுப்பு எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குச் செலவு போக 3,000 ரூபா கையில் நிற்கும். வகுத்துப் பார்த்தேன். அந்த சோபாவின் விலை 62 ஞாயிற்றுக்கிழமைகள். என் மகள் சைக்கிள் ஓட்டப் பழகியது, மகன் முதன்முதலாக மேடையில் பாடியது எல்லாம் அந்த அறுபத்திரண்டுக்குள்ளேதான் நடந்தன. நான் அங்கே இல்லை. சோபாவில் உட்காரும் நேரமும் எனக்குக் கிடைக்கவில்லை. அதன் கடற்பஞ்சிலும் ஈரம் ஏறிவிட்டது.

விலையை ரூபாவில் பார்ப்பதை விட்டு நாட்களில் பார்க்கத் தொடங்கியதுதான் எனக்கு நடந்த பெரிய மாற்றம். மற்றவை எல்லாம் அதிலிருந்து வந்தவை. ஒரு அப்பியாசக் கொப்பியை எடுத்துக் குசினிக் கதவில் நூலால் கட்டித் தொங்கவிட்டோம். வீட்டில் யாருக்கு எது வேண்டுமானாலும் திகதி போட்டு அதில் எழுதவேண்டும். உணவு, மருந்து, பாடசாலைச் சாமான் தவிர மற்றது எதுவாக இருந்தாலும் அடுத்த சம்பளம்வரை பொறுக்கவேண்டும். அப்போதும் வேண்டும் என்று தோன்றினால் வாங்கலாம். முதல் வருடத்தில் 31 பொருட்கள் எழுதினோம். வாங்கியவை ஆறு. மீதி இருபத்தைந்தையும் நாங்கள் அடக்கிக்கொள்ளவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். பெரும்பாலானவை மறந்தே போயிருந்தன. 'ஏர் பிரையர்' என்று என் கையாலேயே எழுதியிருந்ததைப் பார்த்து, எதற்காக அது வேண்டுமென்று நினைத்தேன் என்று நெடுநேரம் யோசித்தேன்.

கொப்பியில் மகன் எழுதிய சப்பாத்தை மட்டும் நான் தாமதப்படுத்தியிருக்கக் கூடாது. விளையாட்டுப் போட்டிக்கு அவனுக்கு அது உண்மையாகவே தேவைப்பட்டது. பழையது கால்விரலை நசுக்கியது. விதி என்று பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் புண்பட்ட விரலோடு ஓடினான். பிள்ளைகளின் வளர்ச்சி சம்பளத் திகதிக்குக் காத்திருக்காது. அன்றிலிருந்து கொப்பியில் யாருடைய தேவை என்பதையும் எழுதுகிறோம்.

மின்சாரக் கணக்கை என் கணவர் போட்டார். எங்கள் சுடுநீர்க் கருவி 3.5 கிலோவாற்று. நான்கு பேர் தலைக்குப் பத்து நிமிடம் குளித்தால் நாற்பது நிமிடம், ஏறத்தாழ 2.3 அலகு. மாதத்துக்கு 70 அலகு. மற்ற எதையும் போடாமல் இருந்தாலும் குளிப்பதற்கு மட்டுமே 70. வீட்டுப் பாவனைக்கு 60 அலகைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் கட்டணம் கூடியிருந்த காலம் அது. எங்கள் பட்டியல் எதனால் அப்படி வீங்கியது என்று அன்றுதான் புரிந்தது.

ஆனால் என்னை அசைத்தது பணம் அல்ல. சென்கிளேயர் நீர்வீழ்ச்சியைப் பார்த்து வளர்ந்தவள் நான். பாடசாலைக்கு பஸ்ஸில் போகும்போது யன்னலோரம் அதற்காகவே இடம் பிடிப்போம். மழைக்காலத்தில் மலையிலிருந்து வெள்ளை வேட்டியை விரித்துவிட்டதுபோல் விழும். மேல் கொத்மலை மின் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியபின் அந்தப் பருமன் போய்விட்டது. தண்ணீர் தலவாக்கலையிலேயே அணைக்குள் நின்று, சுரங்கம் வழியாகப் போகிறது. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆற்றைக் கொடுத்து வாங்கிய மின்சாரத்தை நான் பத்து நிமிடம் முதுகில் ஊற்றிக்கொண்டு நின்றேன். பெப்ரவரி, மார்ச்சில் நீர்த்தேக்கங்கள் வற்றினால் அந்த இடத்தை நிரப்புவது நுரைச்சோலை மின் நிலையத்தின் நிலக்கரியும் எரிபொருளும். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது அவர்கள் தாமாகவே குளியலை நான்கு நிமிடமாக்கினார்கள். மகள் ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் வெளியே வந்துவிடுவாள். எழுபது அலகு இருபத்தெட்டுக்கு இறங்கியது.

அடுத்தது கேத்தல். இந்தக் குளிரில் ஒரு நாளைக்கு எட்டு தடவை தேத்தண்ணீர் குடிக்கிறோம். ஒவ்வொரு தடவையும் கேத்தலை நிரப்பிப் போட்டு, ஒரு கோப்பை எடுத்துவிட்டு மீதியை ஆறவிடுவோம். இப்போது காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை கொதிக்கவைத்து பிளாஸ்கில் ஊற்றிவைக்கிறோம். அவ்வளவுதான், அதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

சமையலைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் கேட்கிறார்கள். உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் சுமார் 94 பாகையில் கொதிக்கும்; சுமார் 1,200 மீற்றரில் இருக்கும் எங்களுக்கு 96. அதனால்தான் கொழும்பிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் "இங்கே கடலை வேகவே மாட்டேன் என்கிறதே" என்கிறார்கள். அடுப்பைக் கூட்டினாலும் பயனில்லை. கொதிக்கும் தண்ணீர் அதற்குமேல் சூடாகாது, ஆவிதான் கூடும், எரிவாயுதான் தீரும். 12.5 கிலோ சிலிண்டர் ஐயாயிரம் ரூபாவை நெருங்கிய நாட்களில் அம்மா காட்டிய முறை இது: கடலையையோ கௌபியையோ முதல்நாள் இரவே ஊறவைக்கவேண்டும். தடித்த அடியுள்ள பானையில், மூடி இறுக்கமாகப் போட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். பிறகு அடுப்பை அணைத்து, மூடியைத் திறந்து பார்க்காமல், பானையைக் கம்பளியால் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு பெட்டிக்குள் வைத்து, மேலே தலையணை ஒன்றை அழுத்தவேண்டும். இரண்டு மணித்தியாலத்தில் தானாக வெந்திருக்கும். எடுத்து மறுபடி ஒரு கொதி விட்டுத்தான் தாளிக்க வேண்டும். வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்ததை அப்படியே சாப்பிடக் கூடாது. பானை பாதிக்குமேல் நிறைந்திருந்தால்தான் சூடு தாங்கும் என்பதையும் நாங்கள் பட்டுத்தான் அறிந்தோம்.

அந்தக் கம்பளியைப் பற்றியும் சொல்கிறேன். மழையில் கொழுந்து எடுக்கும்போது அம்மா தலையிலிருந்து போர்த்தியிருந்த கறுப்புக் கம்பளி அது. ஒரு மூலையில் கூடைக் கயிறு உரசி உரசி நூல் தெரியும். அந்த இடத்தில் மாச்சாக்குத் துண்டை வைத்துச் சின்னச் சின்னத் தையலாக அடைத்திருக்கிறார். தையல் நூல் மூன்று நிறம். கிடைத்த நூலில் கிடைத்த நேரத்தில் தைத்தது. என் சேலைகளில் ஒன்றில்கூட என் கைத்தையல் இல்லை.

குளிர்சாதனப்பெட்டியையும் நிறுத்திப் பார்த்தோம், குளிர்காலம்தானே என்று. மூன்றாம் நாள் மீனைக் கொட்ட வேண்டிவந்தது. திரும்பவும் போட்டோம். எறியப்படும் உணவில் அதைப் பிடித்தவன் உழைப்பும், ஏற்றிவந்த வண்டியின் எண்ணெயும், காசும் சேர்ந்தே போகின்றன; மின்சாரத்தை மிச்சம்பிடிப்பதாக எண்ணி அதைச் செய்வது சரியல்ல.

குப்பைக்கு வருவோம். நகரத்துக்கு வெளியே இருக்கும் எங்களுக்கு வாரம் ஒருமுறை குப்பை வண்டி வரும், வந்தால். வராத வாரம் எல்லோரும் கொளுத்துவார்கள். பனிமூட்டமான காலையில் பொலித்தீனைக் கொளுத்தினால் புகை மேலே ஏறாது. பள்ளத்தாக்கில் அப்படியே படுத்துக்கொள்ளும். லயத்துக்குள் நுழைந்து குழந்தைகளின் தொட்டிலில் போய் உட்காரும். கொளுத்தாதவர்கள் ஓடையில் எறிவார்கள். ஓடை கொத்மலை ஓயாவுக்கு, அது மகாவலிக்கு, 335 கிலோமீற்றர் ஓடும் மகாவலி திருகோணமலைக் கடலுக்கு. பெருமழைக்குப் பிறகு தலவாக்கலை அணையோரம் நின்று பாருங்கள். எங்கள் குசினிகளில் என்ன நடந்தது என்பது தண்ணீர்மேல் மிதக்கும். ஓடைக்கும் போகாமல் கரையில் கிடப்பதைத் தேடி நாய்கள் வரும். நாய்களைத் தேடிச் சிறுத்தை வரும். பிறகு 'சிறுத்தை ஊருக்குள் வந்துவிட்டது' என்று சத்தம் போடுவோம்.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. 2017 ஏப்ரலில் கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து மனிதர்கள் புதைந்த பிறகு, அதே வருடம் செப்டம்பரில் சோறு பொதியும் பொலித்தீன் தாளான லஞ்ச் ஷீட்டுக்குத் தடை வந்தது. 2021இல் 20 மில்லிலீற்றர் அல்லது அதற்குக் குறைந்த சிறு பக்கெட்டுகளுக்கு, உணவும் மருந்தும் தவிர, தடை. 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாய், கரண்டி, தட்டு. 2025 நவம்பர் 1 முதல் கடைகளில் கைப்பிடி உள்ள பொலித்தீன் பைக்குக் காசு. இந்தக் கடைசி ஒன்றின் பலனை நான் கண்ணால் பார்த்தேன். சில்லறைக் கடையில் பைக்குக் காசு கேட்டதும், ஆட்கள் வீட்டில் மடித்துவைத்திருந்த பையை எடுத்துவரத் தொடங்கினார்கள். விலை சிறியதுதான், ஆனால் இலவசம் என்ற சொல் போனதும் கை யோசித்தது.

அந்தச் சிறு பக்கெட் விடயத்தில் எனக்கு ஒரு தாய் பாடம் சொல்லித் தந்தார். பாடசாலைச் சுற்றாடல் தினத்தில் ஷாம்பு, சவர்க்காரத்தூள் பக்கெட்டுகளைக் காட்டி, பெரிய போத்தலாக வாங்கினால் குப்பையும் குறையும், விலையும் குறையும் என்று பெற்றோர்களிடம் பேசினேன். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "டீச்சர், போத்தல் வாங்க ஒரே நாளில் எழுநூறு ரூபா எங்கள் கையில் நிற்பதில்லை. எங்களிடம் இருப்பது இன்றைக்கான காசு" என்றார். மண்டபத்தில் யாரும் பேசவில்லை. அவர் சொன்னது முழுக்க உண்மை. ஏழைகளின் கையில் பக்கெட் இருப்பது ஆசையால் அல்ல. சில்லறையாகச் சம்பளம் வரும் இடத்தில் சில்லறையாகத்தான் வாங்க முடியும்.

அதற்கு அந்தத் தாய்மாரே வழியும் கண்டார்கள். நம் ஆட்களுக்குச் சீட்டு பிடிப்பது புதிதா? பணச் சீட்டுபோல் சாமான் சீட்டு. எட்டு வீடுகள் சேர்ந்து சம்பள நாளன்று ஆளுக்கு ஒரு தொகை போட்டு, பெரிய கொள்கலனாகச் சவர்க்காரத் திரவமும், மூட்டையாகப் பருப்பும், டின்னாக எண்ணெயும் வாங்கி, ஒரு வீட்டு இஸ்தோப்பில் வைத்து அளந்து பிரித்துக்கொள்கிறார்கள். எங்கள் வரிசை வீடுகளும் அதைப் பின்பற்றின. கொண்டுபோவது பழைய போத்தல், பழைய டின். இரண்டு பை குப்பை போட்ட என் வீடு இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு சிறு பை போடுகிறது. அளக்கும் நாளில் பேச்சும் இருக்கும், தேத்தண்ணீரும் இருக்கும். ஐந்து வருடம் பக்கத்தில் வாழ்ந்தும் பெயர் மட்டுமே தெரிந்த பெண்ணின் மகளுக்குக் காது கேட்காது என்பதை அங்கேதான் அறிந்தேன்.

திருத்துவதைப் பற்றி ஒன்று. மலைநாட்டில் குடை இல்லாமல் ஒரு நாளும் கழியாது. காற்றுக்கு வருடத்துக்கு இரண்டு குடை ஒடியும். ஒடிந்ததை எறிந்துவிட்டுப் புதிதாக வாங்குவோம். பஸ் நிலையத்தின் ஓரத்தில் ஒரு பெரியவர் பழைய குடைகளின் கம்பிகளைத் தரம் தரமாகப் பிரித்து டின்களில் வைத்திருக்கிறார். என் குடையை விரித்து, ஒடிந்த கம்பியை நகத்தால் தட்டிப் பார்த்து, அதே நீளத்தில் இன்னொன்றைத் தேடி எடுத்தார்; துணியின் முனையை ஊசியால் இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கினார். ஐந்து நிமிடம். 150 ரூபா. "இந்தக் கம்பி உங்களுடைய குடையைவிட வயதானது அம்மா" என்று சொல்லிக் கொடுத்தார். மூன்று மழைக்காலமாக அதே குடைதான்.

இனி, எனக்கு வலித்த ஒன்றைச் சொல்கிறேன். பூஞ்சணம் கண்ட அந்த வருடமே இருபது சேலைகளைத் துவைத்து, மடித்து, லயத்தில் கொடுத்துவிட்டேன். மனம் இலேசானது. ஒரு மாதம் கழித்து அம்மாவைப் பார்க்கப் போனபோது, மரக்கறித் தோட்டத்தைச் சுற்றி, காட்டுப்பன்றி வராமல் இருக்க, என் ஜரிகைச் சேலைகள் வேலியாகக் கட்டப்பட்டிருந்தன. "அதைக் கட்டிக்கொண்டு யார் மலைக்குப் போவது?" என்று அம்மா கேட்டார். வேலியாவது ஆயிற்று என்று ஆறுதல்பட்டேன். அப்போதும் முழுதாகப் புரியவில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மலைகள் சரிந்தன. எங்கள் பாடசாலை இடைத்தங்கல் முகாமாயிற்று. அடையாள அட்டையும் பிள்ளையின் புத்தகப் பையும் மட்டும் கையிலிருக்க, இரவோடிரவாகக் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. உணவும் பாயும் கொண்டு ஓடிவந்த நல்ல உள்ளங்களை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஒரு வாரத்தில் உடுப்பு மூட்டைகளும் வந்தன. நாங்கள் மூன்று ஆசிரியைகள் இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்தோம். தேவைப்பட்டவை கம்பளிச் சட்டை, உள்ளாடை, பிள்ளைகளின் பாடசாலைச் சப்பாத்து, மாதவிடாய் அணையாடை. மூட்டைக்குள் இருந்தவை ஒற்றைக் குதியுயர்ந்த செருப்பு, பிறந்தநாள் கவுன், கழுத்துக் கிழிந்த டீ-சேர்ட், கோட். நான்கில் ஒரு பங்குதான் கொடுக்கக்கூடியதாக இருந்தது. மீதியை நடைபாதையில் குவித்தோம். சாரல் அடித்து நனைந்தது. நான்காம் நாள் அந்தப் பக்கம் போனபோது ஒரு வாடை வந்தது. என் அலுமாரியின் வாடை.

அங்கே நின்றுதான் எனக்கு விளங்கியது. கொடுத்துவிடலாம் என்ற நினைப்பு, வாங்குவதற்கு நாமே நமக்குக் கொடுத்துக்கொள்ளும் அனுமதி. ஒரு பருத்தி டீ-சேர்ட் உருவாகச் சுமார் 2,700 லீற்றர் தண்ணீர் போகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பீலிக்கரையில் 20 லீற்றர் கேனோடு வரிசையில் நிற்கும் பெண்களுக்கு அது 135 கேன். குவியலில் இருந்த டீ-சேர்ட்டுகளை நான் எண்ணவில்லை. எண்ண மனம் வரவில்லை. இப்போது நான் வருடத்துக்கு இரண்டு சேலை வாங்குகிறேன். பாடசாலைக்கு மாற்றி மாற்றிக் கட்ட 14 இருக்கின்றன. தாராளம்.

கடைசித் தவணை 2024 செப்டம்பரில் முடிந்தது. ஞாயிறு வகுப்பை நிறுத்திவிட்டேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைகளோடு தேயிலை மலைக்குள் குறுக்குப் பாதையில் இறங்கி அம்மாவிடம் போகிறோம். மூன்று கிலோமீற்றர், மகளுக்கு ஒவ்வொரு வளைவிலும் ஒரு பறவையைக் காட்ட வேண்டும். இதைவிடச் சந்தோஷம் வேறு இருக்கலாம். எனக்கு அதைத் தேடத் தோன்றவில்லை.

இந்த வருடம் தைப்பொங்கல் கழிந்த ஒரு ஞாயிறன்று, அம்மா ஈர விறகை ஊதி ஊதி இருமிக்கொண்டிருந்தார். அவருக்கு இப்போது 74 வயது. "விறகு இப்போதெல்லாம் காயவே மாட்டேன் என்கிறது" என்றார். வேண்டும் என்று எதையும் கேட்டுப் பழகாதவர். அவர் அப்படிச் சொல்வதே கேட்பதுதான். நாங்கள் கொப்பியில் எழுதவில்லை, சம்பளத்துக்குக் காத்திருக்கவும் இல்லை. அடுத்த நாளே இரட்டை அடுப்பும் சிலிண்டரும் முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். கைக்காசாகவே கொடுத்து வாங்கினோம்.

கணவர் குழாயைப் பூட்டிச் சவர்க்கார நுரை தடவிக் கசிவு பார்த்தார். அம்மா முதலில் பயந்தார். பிறகு குமிழைத் திருப்பினார். நீலச் சுவாலை வட்டமாக எழுந்ததும் இரண்டு கையையும் அதன் பக்கத்தில் நீட்டிக் குளிர்காய்ந்தார். தேத்தண்ணீருக்குத் தண்ணீர் வைத்தார். நான் அடுப்பு வந்த அட்டைப்பெட்டியை வெளியே எடுத்துப் போகப் பார்த்தேன்.

"அதை அங்கேயே வை பிள்ளை. மிளகாய் உலர்த்த ஆகும்" என்றார்.